நீளமான பகா எண் எப்போது பலவீனமாகிறது?

இரு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கச் சாவிகளைத் தணிக்கை செய்யச் செல்லும் இடங்களில், "எங்கள் பகா எண் ஒவ்வொன்றும் 1024 பிட், இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 308 இலக்கங்கள் கொண்ட இரு பகா எண்களின் பெருக்கற்பலனைக் காரணிப்படுத்துவது மிகக் கடினம் என்பது உண்மையே. 2020இல் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றைப் பிரிப்பதற்கே, ஒரே ஒரு செயலிக் கரு உழைத்தால் சுமார் 2,700 ஆண்டுகள் பிடிக்கும் அளவுக்குக் கணிப்பு தேவைப்பட்டது. ஆனாலும் நான் கண்ட பழுதான சாவிகளில் நீளம் குறையாக இருந்ததில்லை. பகா எண்ணைத் தேர்ந்தெடுத்த முறைதான் தவறாக இருந்தது. 2024இல் கண்டறியப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட சாதனைப் பகா எண்கூட உலகமே அறிந்த எண் என்பதால் சாவிக்கு உதவாது.

சிறிய எண்களில் காட்டுகிறேன். ஒரு கருவியின் பொதுச் சாவியில், அதாவது யாரும் பார்க்கக்கூடிய சாவியில், பகா எண்களின் பெருக்கற்பலனாக 10403, இன்னொன்றில் 10807 இருப்பதாகக் கொள்வோம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 404. 10403ஐ 404ஆல் வகுத்தால் மீதி 303. 404ஐ 303ஆல் வகுத்தால் மீதி 101. அந்த 101ஆல் 303 மீதியின்றி வகுபடும். யூக்ளிடின் இந்தப் பழைய முறையில், இரு சாவிகளுக்கும் பொதுவான பகா எண் 101 அகப்பட்டுவிட்டது. 103, 107 இரண்டும் தாமாகவே வெளிப்படும். அறுநூறு இலக்கங்களைத் தாண்டிய எண்களுக்கும் இதே கணக்கு ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். 2012இல் இணையத்திலுள்ள பொதுச் சாவிகளை லட்சக்கணக்கில் திரட்டி ஒப்பிட்ட இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஆயிரக்கணக்கான சாவிகளை இவ்வாறே உடைத்துக் காட்டின. மின்சாரம் வந்தவுடன், போதிய சமவாய்ப்புத் தன்மை (கணிக்க முடியாத தற்செயல் தரவு) சேருமுன்பே சாவியை உருவாக்கிவிட்ட வலையமைப்புக் கருவிகளே அவற்றில் மிகுதி.

அதே 10403இல் இன்னொரு குறையும் உண்டு. அது 102இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு. ஆகவே (102 − 1) × (102 + 1), அதாவது 101 × 103 என்று உடனே பிரிந்துவிடுகிறது; இரு பகா எண்களும் அருகருகே இருந்தால் இப்படித்தான் ஆகும். முதல் பகா எண்ணைக் கண்டபின் அதற்கு அடுத்த பகா எண்ணையே இரண்டாவதாக எடுத்துக்கொண்ட நிரல் ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1024 பிட் எண்களிடையே பகா எண்களின் சராசரி இடைவெளி சுமார் 710தான் என்பதால், எத்தனை நீளமான சாவியும் இந்த வர்க்கக் கணக்குக்கு முன் நிற்காது.

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்கும் சோதனையிலும் கவனம் வேண்டும். ஃபெர்மாவின் சோதனை மட்டும் போதாது; எண்ணில் ஒன்றைக் கழித்து, 2 போன்ற ஓர் அடியெண்ணை அந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. 561 = 3 × 11 × 17; 560ஐ 2, 10, 16 ஆகிய மூன்றும் வகுப்பதால், 2இன் 560ஆம் அடுக்கை 561ஆல் வகுத்தால் மீதி 1 வந்து, அது பகா எண்ணைப் போலவே தோன்றும். மில்லர்-ராபின் சோதனையோ இடையிலுள்ள வர்க்கங்களையும் கவனிக்கிறது: 560ஐ இருமுறை பாதியாக்கினால் 140; 2இன் 140ஆம் அடுக்கு தரும் மீதி 67; அதன் வர்க்கமான 4489 தரும் மீதி 1. பகா எண்ணாக இருந்தால், 1 அல்லது −1க்கு நிகரான எண்ணின் வர்க்கம் மட்டுமே 1ஐத் தர முடியும். 67 இரண்டும் அல்ல. இந்தச் சோதனையை ஒருமுறை நடத்தும் ஒரு சுற்றில் பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு கால் பங்கைத் தாண்டாது. இந்தக் கணக்கு செல்லுபடியாக, ஒவ்வொரு சுற்றிலும் அடியெண்ணைச் சமவாய்ப்பு முறையில் புதிதாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.