ஒட்டிப்போன பட அல்பத்தை இழுக்காதீர்கள்

வட இலங்கையின் வன்னியில் ஒரு வீட்டில் எண்பதுகளின் கல்யாணப் படம் மிஞ்சியிருந்தால், அது பல இடப்பெயர்வுகளைக் கடந்து வந்ததாகத்தான் இருக்கும். சில றங்குப்பெட்டியில் வந்தன. சிலவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனார்கள். 2004 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையில் போனவையும் 2009 இறுதிப்போரில் வழியில் விடுபட்டவையும் கொஞ்சநஞ்சமல்ல.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமை நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. அத்துகள்களைத் தாளில் பிடித்து வைத்திருப்பது ஜெலற்றின் என்ற புரதம். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. பூஞ்சணத்துக்கு அது நல்ல தீனி. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரக்காற்றே பூஞ்சணம் பிடிக்கப் போதும். ஈரத்தில் ஊதிப் பசையாகும் ஜெலற்றின், காயும்போது அடுத்த படத்திலோ சட்டக் கண்ணாடியிலோ இறுகிவிடும். அதை இழுத்தால் முகம்தான் உரிந்து வரும்.

கலர்ப் படத்தில் வெள்ளி மிஞ்சுவதில்லை. மஞ்சள், மஜந்தா, சயான் என்ற மூன்று சாயங்களே உண்டு. பெட்டிக்குள் இருட்டில் கிடந்த பழைய படங்களில் பெரும்பாலும் சயான்தான் முதலில் மங்கும். சிவப்பு ஒளியை உறிஞ்சுவது அந்தச் சாயம். அது குறையக் குறையச் சிவப்பு தடையின்றித் திரும்பி வருவதால், அம்மாவின் பச்சைக் கூறைகூடச் செம்மண் நிறமாகிவிடுகிறது. சயான் சற்றேனும் எஞ்சியிருந்தால், ஸ்கான் செய்து கணினியில் சிவப்பு அலைவரிசையை (படத்தின் சிவப்பு நிறத் தகவலை) மட்டும் விரித்துச் சரிசெய்யலாம். நெகற்றிவ் கிடைத்தால் இன்னும் நல்லது. பலர் அதை வெறும் பிலிம் துண்டென்று எறிந்துவிடுகிறார்கள் என்பதுதான் கவலை.

அல்பம் நனைந்து ஈரமாகவே இருந்தால், ஒட்டியபடி காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் ஸ்டூடியோப் படங்கள் பல தாமாகவே பிரியும். சுடுதண்ணீர் கூடாது, ஜெலற்றின் கரைந்துவிடும். பிரிந்தவற்றை முகம் மேலே பார்க்க நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் முடியாதென்றால் பையிலிட்டு உறையவையுங்கள்; பூஞ்சணம் அங்கே வளராது. கண்ணாடியோடு ஏற்கெனவே காய்ந்து ஒட்டியதைத் தொடாமல், கண்ணாடிக்கு மேலாகவே ஸ்கான் செய்யுங்கள்.

600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கான் செய்வது அவசியம். ஸ்டூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஒரு பிரதி போனால், வீட்டுப் பிரதி அழிந்தாலும் படம் இருக்கும். கொடுக்குமுன் அம்மம்மாவோடு இருந்து, மணவறைக்குப் பக்கத்தில் நிற்பது யார், மூலையில் தெரியும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் யாருடையது, பின்னால் தெரிவது எந்தக் குளத்துக்கட்டு என்று கேட்டு, படத்தின் எண்ணோடு எழுதிவையுங்கள்.