ஊடுதளம் (இன்டர்ஸ்டிஷியல் ஃப்ளோர்)

ஆட்கள் புழங்கும் இரண்டு மாடிகளுக்கு நடுவே, காற்றுக்குழாய், தண்ணீர், கழிவுநீர், மருத்துவ வாயு, மின்கேபிள் இவற்றுக்கென்றே விடப்படும் முழுத் தளம். பெரிய மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் காணலாம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள இடைவெளி வேறு. அங்கே ஏணி போட்டுக் கையை நீட்டத்தான் முடியும். இங்கே பணியாளர் நடந்துபோய் வால்வைத் திருகுவார், கீழே ஆய்வோ அறுவையோ தடைபடாது.

சொல்லின் வேர் லத்தீன். ‘இன்டர்’ என்றால் இடையே. பின்பாதி ‘நிற்றல்’ என்ற வினையிலிருந்து வந்தது. உடலில் செல்களுக்கு நடுவே நிறைந்திருக்கும் திசுவிடைத் திரவத்துக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழிதான்.

இதற்குச் சிறந்த சான்று, கலிபோர்னியாவின் லா ஹோயாவில் லூயிஸ் கான் வடிவமைத்து 1965இல் முடிந்த சால்க் ஆய்வு நிறுவனம். மூன்று ஆய்வகத் தளங்கள்; ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஓர் ஊடுதளம். பொறியாளர் ஆகஸ்ட் கொமெண்டன்ட் அமைத்த, சுமார் 9 அடி உயர வீரண்டீல் சட்டகங்கள் 65 அடி அகலத்தை நடுவில் தூணின்றித் தாண்டுகின்றன. இவ்வகைச் சட்டகத்தில் குறுக்குச் சாய்வுக் கால்கள் கிடையாது. அதனால்தான் குழாயும் ஆளும் அதன் ஊடாகவே போக முடிகிறது. கனடாவின் ஹாமில்டனில் 1972இல் திறந்த மெக்மாஸ்டர் மருத்துவ மையமும் இதே வழியில் போனது.

செலவு கூடும்: கட்டடம் உயர்வதால் வெளிச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் நீளும். எனவே அறுவை அரங்கு, தீவிர சிகிச்சை, ஆய்வகம் இவற்றின் மேல் மட்டும் விடுவதே சரி. சாதாரண வார்டுக்கு வீண். அறுவை அரங்குக்கு, மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தரமான ஆஷ்ரே 170இன்படி மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும், ஆகவே காற்றுக்குழாய்தான் இடத்தை விழுங்கும். ஆனால் மட்டம் குறிக்கும்போது கழிவுநீர்க் குழாய்க்கே முதலிடம் தர வேண்டும். சரிவு கெட்டால் அதற்கு வேறு வழியில்லை. யாருக்கு எந்த உயரம் என்று முன்பே பிரிக்காவிட்டால், முதலில் வரும் ஒப்பந்ததாரர் நடைவழியை அடைத்துவிடுவார். பிறகு அது வெறும் உயரமான சீலிங்தான். தரையில் துளைத்த ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் ஒழுகும் நீர் நேரே அரங்கில் இறங்கும்; தீப்பிடித்தால் புகையும் அதே வழியில் பரவும்.

தமிழில் ‘இடைத்தளம்’ என்றால் மெஸனைன், அதாவது இரு மாடிகளுக்கு நடுவே வரும் அரைமாடி, என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘பணித்தளம்’ வேலை நடக்கும் இடம். ‘சேவைத் தளம்’ இணையச் சேவை போல ஒலிக்கிறது. ஊடுபயிர் என்று உழவர் சொல்லும் ‘ஊடு’ இங்கே கச்சிதம்: நடுவே இருப்பதையும் உள்ளே புகுந்து செல்வதையும் ஒருங்கே சொல்லும். கட்டுமானத் தளத்தில் ‘சர்வீஸ் ஃப்ளோர்’ என்றே பேசினாலும் வரைபடத்தில் ஊடுதளம் என எழுதலாம். அதற்குத் தனி மாடி எண் தராமல், மூன்றாம் மாடிக்கு மேலுள்ளதை ‘ஊ-3’ எனக் குறித்தால் தீயணைப்பு வீரர்கள் மாடி மாறிப் போகமாட்டார்கள்.