உணவு வங்கியா, உணவுக் களஞ்சியமா?

போன மாதம் புதுச்சேரியில் பாகூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு வேன் ஒன்று வந்தது. பக்கவாட்டில் ‘நடமாடும் உணவு வங்கி’ என்று பேனர். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘வங்கி’ வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து பாலிதீன் கவரில் சுற்றிய பாஸ்புக்கும் ஆதார் அட்டையுமாகத் திரும்பி வந்து, “கைரேகை வைக்கணுமா தம்பி?” என்று கேட்டார். வேனில் இருந்தது, இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கச் சேர்த்த அரிசி, பருப்பு, எண்ணெய், கொஞ்சம் கத்திரிக்காய்.

அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் ஏற்பாடு 2015-இல் வந்தது. பல ஆண்டுகள் கடைகள் பூட்டிக் கிடந்து, 2024-இல்தான் மறுபடி திறந்தார்கள். சோறும் பேங்கும் ஒரே வரியில் வந்தால் அந்த ஊரில் பாஸ்புக்கைத்தான் தேடுவார்கள்.

‘வங்கி’ என்ற சொல்லின் கதை சிறியது. இத்தாலிய மொழியில் பாங்கா என்றால் பெஞ்சு, நாணயம் மாற்றுகிறவர் உட்கார்ந்த பலகை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், இங்கே ‘வங்கி’ ஆனது. (நம்மிடம் ஏற்கெனவே ஒரு வங்கி உண்டு, முழங்கைக்கு மேலே பெண்கள் போடும் நகை. அதற்கும் இதற்கும் உறவில்லை.) முதல் உணவு வங்கி 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. தொடங்கியவர் ஜான் வான் ஹெங்கல். கடைக்காரர்கள் வெளியே எறிந்ததைப் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், மிச்சத்தைப் போட்டுவைக்கவும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும் பேங்க் மாதிரி ஓர் இடம் இருக்கக்கூடாதா என்று கேட்டாராம். அதிலிருந்து வந்த பெயர். பிரான்சுக்கு 1984-இல் போனபோது பிரெஞ்சுக்காரர்களும் ‘பாங்க் அலிமாந்தேர்’ என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அங்கே அந்த உவமை பொருந்தியிருக்கலாம். இங்கே வங்கி என்றால் என்ன? பயிர்க்கடன், நகைக்கடன், தவணை, நோட்டீசு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் இடம். நம் நாட்டிலேயே கிராமத் தானிய வங்கி என்ற திட்டம் இருந்தது. பஞ்சம் வரும் மாதத்தில் நெல்லை வாங்கிக்கொண்டு, அறுவடைக்குப் பிறகு கொஞ்சம் சேர்த்துத் திருப்பி அளக்க வேண்டும். அது வங்கிதான், அந்தப் பெயர் தகும். உணவு வங்கியில் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. குருதி வங்கி இருக்கிறதே என்பார்கள். அந்தப் பலகையைப் படிப்பவர் ஆஸ்பத்திரிக்காரர். பசித்தவர் படித்து உள்ளே வர வேண்டிய பலகை இது.

தமிழாசிரியரான என் நண்பர் ஒருவர், ‘வங்கி’யே தமிழல்ல, ‘உணவு வைப்பகம்’ என்று எழுது என்கிறார். தூய்மையில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இதில் வங்கியை விடப் பெரிய சிக்கல். வைப்பு என்றால் எடுக்காமல் கிடப்பது, வைப்பு நிதி மாதிரி. உணவோ கிடந்தால் கெடும். பண்ருட்டிப் பலாவை வைப்பகத்தில் வைத்தால் நாலாம் நாள் தெருவே மணக்கும். ‘வைப்பு’க்கு நம் பக்கத்துப் பேச்சில் இன்னொரு பொருள் இருப்பதையும் நண்பருக்கு நினைவூட்டினேன். பேசாமல் டீயைக் குடித்தார். தமிழ் வேரில் முளைத்ததாலேயே ஒரு சொல் தெளிவாகிவிடாது.

‘அன்னதானக் கூடம்’ என்பாரும் உண்டு. அன்னதானம் சமைத்த சோறு, கொடுப்பவருக்குப் புண்ணியக் கணக்கு. இங்கே சமைக்காத சரக்குதான் அதிகம். இன்னொரு பக்கம், இருநூறு பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டு ‘உணவு வங்கி திறப்பு விழா’ என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். ஒரு வேளையோடு முடிகிற வங்கி! வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலை என்றார். ஊர் ஊராய் அரிசி மூட்டை வந்து சேர்கிறது, அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அந்தச் ‘சாலை’யைக் கடன் வாங்கலாம் என்றால், இப்போது சாலை என்றதும் பைபாஸ்தான் ஞாபகம் வருகிறது.

என் சொல் ‘உணவுக் களஞ்சியம்’. அறுவடையில் நிறையும், அடுத்த அறுவடைக்குள் காலியாகும், பலருக்கும் அளக்கும். அதிலும் ஒரு குறை உண்டு. அமெரிக்காவில் உணவு வங்கி என்பது பெரிய கிடங்கு. அங்கிருந்து சின்னச் சின்ன வழங்குமிடங்களுக்குச் சரக்கு போகும். பிரிட்டனில் மூன்று நாளுக்கான பையை ஆட்கள் நேரே வந்து வாங்கிப் போகும் இடத்துக்கே அந்தப் பெயர். களஞ்சியம் முதலதற்குப் பொருந்தும், இரண்டாவதற்கு அவ்வளவாக இல்லை. கடைக்கும் கிடங்குக்கும் பல மைல் தூரமான அமெரிக்கக் கிராமங்களுக்கு லாரியே போகிறது. மாதாகோயில் வாசலிலும் பள்ளி மைதானத்திலும் நிறுத்திக் கொடுக்கிறார்கள். சனி ஞாயிறு பட்டினி கிடக்காமல் இருக்க, வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் பையில் சாப்பாட்டுச் சாமான் போட்டு அனுப்புவதும் உண்டு. அப்படி ஊருக்கே வரும் வண்டிக்கு ‘நடமாடும்’ என்று தொடங்கி ஏதேதோ தேட வேண்டாம். பாகூர்ப் பிள்ளைகள் இரண்டாம் வாரமே “அரிசி வண்டி வந்துடுச்சு” என்று ஓடி வந்தார்கள்.

அந்த வேனை அனுப்பிய குழுவின் துண்டறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். தலைப்பு, ‘கிராமப்புறச் சமூகங்களில் உணவு வங்கிகள் பசியை எதிர்த்துப் போராடுவது எப்படி’. பசியோடு நாம் எப்போது மல்லுக்கு நின்றோம்? பசியை ஆற்றுவோம், தீர்ப்போம், போக்குவோம். உள்ளே ‘உணவுப் பாதுகாப்பின்மை’ என்று ஏழு இடத்தில் இருந்தது. உணவு பாதுகாப்புத் துறை என்றால் ஓட்டலில் பழைய எண்ணெயைப் பிடிக்கிற அதிகாரிகள். அடுத்த வேளைக்கு உத்தரவாதமில்லாத குடும்பத்துக்கும் அதே சொல்லைப் போட்டால், இட்லியில் பல்லி விழுந்த வீடு என்றுதானே நினைப்பார்கள்? ஆங்கில வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

அந்த ஏழு இடத்திலும் அதை அடித்துவிட்டு ‘அடுத்த வேளைக்கு வழியில்லாமை’ என்று எழுதினேன், தலைப்பை ‘கிராமத்துப் பசியைத் தீர்க்கும் உணவுக் களஞ்சியம்’ என்று மாற்றி அனுப்பினேன். துண்டறிக்கையில் போட்டுவிடுகிறோம், பேனர் மட்டும் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது, கிழிகிற வரைக்கும் ஓடட்டும் என்று பதில் வந்தது.