கரண்ட் வந்தவுடன் பம்பைப் போடாதீர்கள்

"ஒரு கைதானே அண்ணை போயிருக்கு, அது முளைச்சிடும்தானே?"

மின்வெட்டு முடிந்த மறுநாள் நட்சத்திர மீன் வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் இந்தக் கேள்வி தவறுவதே இல்லை. கடல்நீர் மீன்தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். இந்தக் கிழமையும் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு வீட்டில், தொட்டி நீரை விசிறியால் ஓடவைக்கும் அலை பம்பின் கூட்டுக்குள்ளிருந்து ஒரு நட்சத்திர மீனைப் பிரித்தெடுத்தேன். அலுத்துவிட்டது. இனி யாராவது கேட்டால் இந்தக் கட்டுரையை அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

முதலில் அந்த 'முளைக்கும்' விஷயத்தை முடித்துவிடுவோம். முளைக்கும், உண்மைதான். லிங்கியா என்ற நட்சத்திர மீன் வகைகளில் சில, அறுந்த ஒற்றைக் கையிலிருந்தே முழு உடலையும் வளர்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்தது அதுதான், எல்லோர் மனதிலும் நிற்பதும் அதுதான். ஆனால் பெரும்பாலான இனங்களுக்கு, கைகள் சேரும் நடுவட்டு பழுதில்லாமல் இருக்க வேண்டும். ஆபத்து வந்தால் தானாகவே கழற்றிவிடும் கையின் காயம் சுருங்கி மூடிக்கொள்ளும். விசிறி அரைத்த காயம் அப்படியல்ல. தாறுமாறாகக் கிழிந்து, பல வேளைகளில் நடுவட்டு வரை போயிருக்கும். தொட்டி நீரில் அதில் கிருமி பற்ற அதிக நேரம் எடுக்காது. அப்படியே தப்பினாலும் ஒரு கை வளர மாதக்கணக்கு ஆகும், சில இனங்களில் ஒரு வருடத்தையும் தாண்டும். அத்தனை காலமும் அது சாப்பிட வேண்டுமே? பாறையில் படியும் மெல்லிய படலத்தை மேய்ந்து வாழும் நீல நட்சத்திர மீன், சின்னத் தொட்டியில் ஏற்கனவே அரைப்பட்டினியில்தான் கிடக்கிறது. பட்டினி கிடக்கும் உயிர் எதைக் கொண்டு கை வளர்க்கும்? தயவுசெய்து 'முளைச்சிடும்' என்று சொல்லிப் பிள்ளைகளைத் தேற்றாதீர்கள்.

சரி, கை எப்படி உள்ளே போகிறது? ஓடாத பம்ப் நட்சத்திர மீனுக்கு இன்னொரு பாறை, அவ்வளவுதான். கரண்ட் போனதும் மெதுவாக ஏறி, கூட்டின் இடுக்குகளில் கைநுனிகளை விட்டு இருந்துவிடும். கரண்ட் திரும்பும்போது சுவிட்ச் 'ஒன்'னிலேயே இருக்கும், நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் கிடந்த ஊர் இது. 2025 பெப்ரவரியில் நாடு முழுக்க மின்சாரம் போனதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். அதனால் 'எங்கட பக்கம் அப்படி நடக்காது' என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

கரண்ட் போனவுடன் அலை பம்பின் பிளக்கைக் கழற்றுங்கள். வந்ததும் டோர்ச் அடித்து, கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். உணவு போடும்போது பம்பை நிறுத்துபவர்களும் இதையே செய்யுங்கள். வசதி இருந்தால் ஒரு சின்ன பம்பை மட்டும் இன்வேட்டரில் விடலாம்.

நீரை உள்ளிழுக்கும் வாய்க்கு முரட்டுப் பஞ்சு உறை போடுங்கள், அதைக் கிழமைக்கு ஒரு தரம் கழுவுங்கள். கழுவாத பஞ்சு அடைத்து பம்பைச் சூடாக்கும். அலை பம்புக்கு பிளாஸ்டிக் வலைக்கூடு போதும். வீட்டில் கிடக்கிறதே என்று செப்பு, பித்தளைக் கம்பிவலை சுற்றிவிடாதீர்கள். செம்பு நட்சத்திர மீன்களுக்கு நஞ்சு, செம்பு கலந்த மீன் மருந்தும் அப்படித்தான். நீர் வழிந்து இறங்கும் வாயிலும் ஒரு வலை இருக்கட்டும், இல்லாவிட்டால் மீனும் போகும், வீட்டுத் தரையும் நனையும்.

அப்புறம் ஹீட்டர். பின்னேரத்தில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும் யாழ்ப்பாணத்தில் ஹீட்டர் எதற்கு? கேட்டால், 'செட்டோட வந்தது அண்ணை' என்கிறார்கள். அணைந்திருக்கும் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு கிடக்கும் நட்சத்திர மீன், அது சூடானதும் வெந்துபோகும். கழற்றி அலமாரியில் வையுங்கள். மார்கழிக் குளிருக்கு வேண்டும் என்பவர்கள் பிளாஸ்டிக் கூடு போட்டோ, நீர் வழிந்து இறங்கும் கீழ்த்தொட்டியில் வைத்தோ பயன்படுத்துங்கள். உங்களுக்காக ஒரு வார்த்தை: 230 வோல்ட்டும் உப்புநீரும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் மீன்தொட்டி வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு மாட்டிக்கொண்டால்? தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். பிடித்து இழுக்க வேண்டாம், கைகளின் அடியில் அது பற்றிக்கொள்ளும் குழாய்க்கால்கள் பிய்ந்துவிடும். பம்பின் கூட்டை நீருக்குள்ளேயே கழற்றி, அது தானாக விடும்வரை பொறுங்கள். காயப்பட்டதை ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், அதே தொட்டியில், மீன்கள் கொத்தாதபடி விடுங்கள். மஞ்சள் தூள் போடாதீர்கள். சிரிக்க வேண்டாம், போட்டிருக்கிறார்கள். காயத்தைச் சுற்றி வெள்ளையாகக் கரைந்து பரவத் தொடங்கினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், விட்டால் தொட்டி நீரெல்லாம் கெட்டு மற்றவையும் போகும்.