திரையைப் பார்த்துக் கார் வாங்கும் தம்பிகளுக்கு

சென்ற மாதம் ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு கண்காட்சியில் வைத்திருந்த சின்னஞ்சிறு மின்சாரக் கார். முன்பக்கம் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை திரை, பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமரா. “அண்ணாச்சி, இது வரும்வரை பொறுக்கலாமா, இப்போதே ஒன்று வாங்கிவிடவா?” என்று கேட்டார்.

பாளையங்கோட்டையில் 18 ஆண்டுகளாகக் கார்களின் ஒயரிங் வேலை பார்க்கிறேன். கண்காட்சி மாதிரியில் இருப்பது கம்பெனியின் ஆசை. அதில் எது தெருவுக்கு வரும் என்பதை விலைதான் முடிவு செய்கிறது. 2014 பிப்ரவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் ரெனோ நிறுவனம் க்விட் மாதிரியைக் காட்டியது. இளைஞர்களை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. ஓட்டுநர் இருக்கை நடுவில் இருக்கும். கூரையிலிருந்து ஒரு ட்ரோன் எழும்பிப் போய் முன்னாலுள்ள நெரிசலைப் பார்த்து வரும். மறு ஆண்டு நம் ஒரகடத்தில் தயாராகி விற்பனைக்கு வந்த க்விட்டில் ட்ரோன் இல்லை, உயர் ரகத்தில் தொடுதிரை இருந்தது. 2016-இல், கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது, காற்றுப்பை இல்லாத அடிப்படை ரகத்துக்குக் கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம்.

பிறகு சட்டம் இறுகியது. ஓட்டுநர் காற்றுப்பை 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் மோதல் சோதனையும் வந்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனைக்கு வண்டியை அனுப்புவது கம்பெனியின் விருப்பம். எத்தனை நட்சத்திரம் என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

திரைக்கு வருகிறேன். ஏசியின் காற்றைக் கூட்டக்கூடத் திரையைத் தொட வேண்டிய வண்டிகள் என்னிடம் வருகின்றன. திருகும் குமிழ் என்றால் கை தானே தேடிப் போகும், கண் சாலையிலேயே இருக்கும். வழவழப்பான திரையில் விரலுக்குத் தடம் இல்லை, பார்த்துத்தான் தொட வேண்டும். தெற்குப் புறவழிச்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது இரண்டு நொடி கண்ணை எடுத்தால் வண்டி 33 மீட்டர் தாண்டியிருக்கும். அந்த 33 மீட்டருக்குள் ஆட்டு மந்தை சாலையில் ஏறுவது நம் ஊரில் அன்றாடக் காட்சி. ஐப்பசி மழையில் கண்ணாடியில் ஆவி படியும்போது நிலைமை இன்னும் மோசம். ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் உணரக்கூடிய பொத்தான் அல்லது நெம்புகோல் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது.

எனக்கு வயிற்றெரிச்சல் தருவது இன்னொன்று. பணம் போதாமல் கீழ் ரகத்தை வாங்கிவிட்டு, வெளிக்கடையில் பெரிய திரை, ஆம்ப்ளிஃபயர், பகட்டு விளக்கு என்று மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டுபவர் கம்பெனி ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார். சித்திரை வெயிலில் கதவடைத்து நிற்கும் வண்டிக்குள் டேப்பின் பசை இளகி, சுற்று கழன்றுவிடும். தனி ஃபியூஸும் இல்லையென்றால், செம்பு இரும்பைத் தொட்டவுடன் ஒயர் எரியும். கருகிய வாடையோடு வந்த வண்டிகளை நானே பிரித்திருக்கிறேன். புதிய கார்களில் இரண்டு மெல்லிய ஒயர்களைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். ஏபிஎஸ் பிரேக், எஞ்சின் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புவது அதன் வழியாகத்தான். அதில் கை வைத்தால் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். கட்டாயம் திரை வேண்டுமென்றால் ஒயரை வெட்டாமல் செருகும் கப்ளர் கேளுங்கள், தனி ஃபியூஸ் போடச் சொல்லுங்கள்.

வண்டி தடம் மாறினால் எச்சரிக்கும் கேமரா முன் கண்ணாடியில் உள்ள வண்டியில் கண்ணாடியை மாற்றினால் கேமராவின் குறியையும் சரிபார்த்து அமைக்க வேண்டும். ரத வீதியில் தடம் காட்டும் கோடு இல்லாதபோது அந்தக் கேமரா தடம் மாறுவதை எச்சரிக்காது.

தம்பியிடம் ஒரு வேலை சொன்னேன்: ஷோரூமில் நிற்கும் காரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வைப்பரையும் ஆவி போக்கும் பொத்தானையும் தொட்டுப் பாருங்கள். நேற்று பேசினார். முதல் வண்டியில் அந்தப் பொத்தான் திரைக்குள் மூன்றாவது பக்கத்தில் இருந்ததாம். இரண்டாவதில் கை நேராகப் போய்விட்டதாம். “திரைதான் சின்னது அண்ணாச்சி” என்றார். சனிக்கிழமை அதை ஓட்டிப் பார்க்க இருவரும் போகிறோம். அன்று மழை பெய்தால் நல்லது.