ட்ரீமிங்: ‘கனவுக்காலம்’ என்று எழுதலாமா?

ஆஸ்திரேலியாவில் ஜூலை மாதம் நெய்டாக் வாரம் வரும். பூர்வகுடி மக்களின் பண்பாட்டைப் போற்றும் வாரம் அது. பல முன்பள்ளிகளில் பூமராங் வடிவத்தில் வெட்டிய அட்டையைக் குழந்தைகளின் கையில் கொடுத்து, பஞ்சுக்குச்சியை வண்ணத்தில் தோய்த்துப் புள்ளி வைக்கச் சொல்வார்கள். பிறகு பாயில் உட்கார வைத்து ஒரு ‘ட்ரீம்டைம்’ கதை, அதாவது மூதாதை உயிர்கள் நிலத்தை உண்டாக்கியதைச் சொல்லும் பூர்வகுடிக் கதை. அதைத் தமிழில் சொல்ல வரும்போது ‘கனவுக்காலக் கதை’ என்று எழுதிவிடுகிறோம். ட்ரீம் கனவு, டைம் காலம். அகராதியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூலச்சொல்லுக்குக் கனவோடு தூரத்து உறவுதான். காலத்தோடு அதுவும் கிடையாது.

மூலச்சொல் மத்திய ஆஸ்திரேலியாவின் அரண்டா மொழியைச் சேர்ந்தது. 1894-இல் ஹார்ன் ஆய்வுப் பயணத்தில் அங்கே போன உயிரியல் பேராசிரியர் பால்ட்வின் ஸ்பென்சர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தந்தி நிலைய அதிகாரி ஃபிராங்க் கில்லனைச் சந்தித்தார். கில்லன் வழியாகக் கிடைத்த ‘அல்ச்செரிங்கா’ என்ற சொல்லை 1896-இல் வெளிவந்த பயண அறிக்கையில் ‘கனவுக் காலங்கள்’ என்ற பொருளில் ஆங்கிலமாக்கினார் ஸ்பென்சர். அரண்டா மொழியில் கனவு காண்பதைச் சொல்லும் தொடரில் இந்த வேர் வருகிறது. முடிச்சு அங்கேதான் விழுந்தது. ஹெர்மன்ஸ்பர்க் மிஷனில் இருந்து அரண்டா மொழியை நன்கு கற்ற பாதிரியார் கார்ல் ஸ்ட்ரெலோ அப்போதே மறுத்தார். கனவுக்காலம் என்று ஒரு யுகத்தை அந்த மக்கள் அறியவே மாட்டார்கள் என்றார். அவருடைய மிஷனோ அதே வேரைக் கடவுளுக்குப் பெயராக்கிக்கொண்டது. ஒரே சொல்லை ஒருவர் கனவாக்க, இன்னொருவர் கர்த்தராக்கினார்!

ஸ்பென்சரின் சொல்தான் நிலைத்தது. 1953-இல் மானுடவியலாளர் டபிள்யூ. ஈ. எச். ஸ்டானர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, காலத்தை உதிர்த்துவிட்டு ‘ட்ரீமிங்’ என்று சொல்லும் வழக்கம் வலுப்பெற்றது. அதை எந்த ஒரு காலத்தோடும் பொருத்திவிட முடியாது என்று காட்ட, எக்காலமும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழக்கத்தில் இல்லாத ஒரு சொல்லையே அவர் கையாள வேண்டியிருந்தது. மூதாதை உயிர்கள் நடந்து நடந்து மலையையும் சுனையையும் உண்டாக்கின; அவை போன தடமும், அவை வகுத்த சட்டமும், அவற்றைப் பாடும் பாட்டும், பாட வேண்டியவரின் கடமையும் இன்றும் நடப்பில் உள்ளன. இத்தனையும் சேர்ந்ததுதான் ட்ரீமிங்.

அது ஓவியமாகச் சுவரேறியதும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாப்புன்யாவுக்கு 1971-இல் ஓவிய ஆசிரியராக வந்தார் ஜெஃப்ரி பார்டன். வகுப்பில் குதிரை வீரர்களை வரைந்த பிள்ளைகள், வெளியே மணலில் விரலால் வேறு கோடுகள் இழுப்பதைக் கவனித்தார். வட்டத்துக்குள் வட்டம் போட்டால் தங்குமிடம் அல்லது நீர்நிலை. குதிரை லாடம் போன்ற வளைவு, உட்கார்ந்திருக்கும் ஆள்; சம்மணமிட்டு எழுந்தவர் மணலில் விட்டுப்போகும் தடம் அது. பள்ளிச் சுவரில், தம் மூதாதை உயிர்களில் ஒன்றான தேனெறும்பை வரைய ஊர்ப் பெரியவர்கள் முன்வந்தார்கள், காப்பா ஜம்பிஜின்பா தலைமையில். முதலில் எழுந்த எறும்பு வெள்ளைக்காரர் வரைவது போல இருந்தது. உங்கள் எறும்பு இதுதானா என்று பார்டன் கேட்டபின், அது அவர்களுடைய மரபுக் குறியாக மாறியது. ஆனால் இதை யார் வரையலாம், எவ்வளவு வெளியே காட்டலாம் என்பதைப் பெரியவர்கள் தம்மிடையே பேசி முடிவுசெய்த பிறகே வேலை நடந்தது. பின்னாளில் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

பஞ்சுக்குச்சிப் புள்ளி எனக்கு உறுத்துவது இதனால்தான். பாப்புன்யா ஓவியங்களில் புள்ளிகள் பெருகியதற்கு ஒரு காரணம், வெளியார் பார்க்கக் கூடாத புனிதக் குறிகளை மறைப்பது. அதை அலங்காரமாக்கி மூன்று வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் வண்ணம்தான் மிஞ்சும். ஆஸ்திரேலியாவின் குழந்தைப்பருவக் கற்றல் கட்டமைப்பு 2009-இல் வந்தது. 2022-இல் அதைத் திருத்தியபோது, பூர்வகுடி மக்கள், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் ஆகியோரின் பார்வைகளைத் தனிக் கோட்பாடாகவே சேர்த்தார்கள். பார்வை என்றால் வாரக் கொண்டாட்டம் அல்ல. முன்பள்ளி நிற்கும் நிலம் யாருடையது, கதைக்கு உரியவர் யார், அவரைக் கேட்டோமா என்பதெல்லாம் அதில் அடங்கும். மணலில் குச்சியால் கோடு கிழித்துக் கதை சொல்ல அந்தந்த ஊர்ப் பெரியவரையே அழைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கனவுக்காலம்’ என்றால் நம் காதில் இளமை நினைவோ சினிமாப் பாட்டோதான் ஒலிக்கும். ‘தொன்மம்’ பழமையில் பூட்டிவிடும். அதோடு, வெறும் கதைதானே என்ற தொனியும் வந்துவிடும். தலபுராணம் ஓரளவு நெருங்கி வருகிறது: இந்தக் குளம் ஏன் இங்கே, இந்த மரம் யாருடையது என்று அதுவும் இடத்தோடு ஒட்டியே பேசும். ஆனாலும் அது கோயிலை விட்டு நகராது. என் பரிந்துரை ‘நிலநெறி’. தமிழில் நெறி என்பது வழி, ஒழுக்கம் இரண்டுக்கும் பெயர். மூதாதையரின் தடத்தையும் சட்டத்தையும் ஒரே சொல்லில் அடக்க இதைவிட வசதியான சொல் எனக்குத் தென்படவில்லை. மூதாதையர் இதில் வெளிப்படையாக இல்லை என்பது குறைதான். பொதுவாகப் பேசும்போது இது போதும்.

குறிப்பாகப் பேசும்போது அந்தந்த மக்களின் சொல்லே முதலில் வரட்டும். வார்ல்பிரி மக்களுக்கு ஜுக்குர்ப்பா, வடகிழக்கு ஆர்னம் நிலத்து யோல்ஙு மக்களுக்கு வாங்கார். ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்த கண்டம் அது. எல்லாவற்றுக்கும் ஒரே அரண்டாச் சொல்லின் மொழிபெயர்ப்பை ஒட்டுவது முறையல்ல. தண்ணீரையெல்லாம் குடித்துவிட்ட தவளையின் கதைக்கு ‘கனவுக்காலக் கதை’ என்று தலைப்பிடாமல், ‘திட்டாலிக்: கிப்ஸ்லாந்தின் குனைகுர்னாய் மக்கள் சொல்லும் கதை’ என்று எழுதலாம். ஒருவர் தம் ட்ரீமிங் தேனெறும்பு என்று சொன்னால் மட்டும் நிலநெறி பொருந்தாது. அந்த இடத்தில், ஒரு குலம் தன் அடையாளமாகக் கொள்ளும் உயிரைக் குறிக்க மானுடவியலில் ஏற்கெனவே புழங்கும் ‘குலக்குறி’ ஓரளவு கைகொடுக்கும்.