கறுப்பு ஏன் வெளுத்தது?

பாரிஸ் நகரில் கோப்லான் என்றொரு நெசவுக்கூடம் உண்டு. பிரெஞ்சு அரசர்களின் மாளிகைச் சுவர்களை அலங்கரித்த சித்திரத் திரைச்சீலைகள் அங்கே நெய்யப்பட்டவைதான். 1824இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் மிஷேல் எழேன் ஷெவ்ரல். கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயர் வாங்கிய வேதியியலாளர். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று கறுப்புச் சாயத்தைப் பற்றியது. நீல, ஊதா அங்கிகளின் மடிப்புகளில் நிழல் காட்டுவதற்காக வைத்த கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை, சோகை பிடித்ததுபோல் வெளிறிக் கிடக்கிறது என்பது புகார்.

வேதியியலாளர் வேறென்ன செய்வார்? மற்ற பட்டறைகளிலிருந்து கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்துத் தம்முடையதோடு ஒப்பிட்டார். சாயத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. தனியே எடுத்துப் பார்த்தால் அந்த நூல் நல்ல கறுப்பு. நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் வெளுத்தது. சாயத் தொட்டியைக் குடைந்து பயனில்லை என்று புரிந்துகொண்டவர் கண்ணைக் குடையத் தொடங்கினார். 1839இல் அந்த ஆராய்ச்சி ஒரு தடித்த புத்தகமாக வெளிவந்தது.

ஓவிய வகுப்பில் ஒரு பட்டியல் எழுதிப்போடுவார்கள். கோடு, வடிவம், நிறம், ஒளி-நிழல், இழைநயம், வெளி ஆகியவை அடிப்படைக் கூறுகள். சமநிலை, முரண், தாளம், விகிதம், ஒருமை முதலியவை வடிவமைப்பின் நெறிகள். நானும் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தவன்தான். யாரோ பழைய ஓவியர்கள் கூடி வகுத்த சட்டதிட்டம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். ஷெவ்ரலின் கறுப்பு நூலைப் பற்றிப் படித்த பிறகுதான், அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் நம் கண்ணின் பழக்கவழக்கங்கள் என்பது உறைத்தது. கண் அப்படிப் பார்ப்பதால் ஓவியர் அப்படி வரைகிறார்.

முரணிலிருந்தே தொடங்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைக் கறுப்பு அட்டையின் நடுவிலும் மற்றதை வெள்ளை அட்டையின் நடுவிலும் வையுங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளிறியும், வெள்ளையின் மேல் இருப்பது அழுத்தமாகவும் தெரியும். இரண்டும் ஒரே தாள் என்று நம் கையாலேயே வெட்டித் தெரிந்துகொண்ட பிறகும் கண் கேட்காது.

இதற்கான காரணத்தின் ஒரு முனை குதிரைலாட நண்டிடம் கிடைத்தது. பெயர்தான் நண்டு, உண்மையில் அது சிலந்தியின் உறவு. அதன் கூட்டுக் கண்ணில் உள்ள ஒவ்வொரு சிறு கண்ணும் ஓரளவு பெரியது என்பதால் ஒற்றை நரம்பு இழையைப் பிரித்தெடுத்துச் சோதிக்க வசதி. ஹார்ட்லைன் என்ற அமெரிக்க உடலியலாளர் அதைத்தான் செய்தார். ஒரு சிறு கண்ணின் மீது ஒளி படும்போது அது மூளைக்குச் செய்தி அனுப்புகிறது, கூடவே அண்டை வீட்டாரின் செய்தியைக் கொஞ்சம் அமுக்கியும் விடுகிறது என்று கண்டார். 1967இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். நம் விழித்திரையிலும் இந்த அண்டை அமுக்கல் நடக்கிறது.

எளிய கணக்காகப் போட்டுப் பார்ப்போம். வரிசையாக உட்கார்ந்திருக்கும் செல்களில் இடப்பக்கம் உள்ளவற்றின் மேல் 100 அளவு வெளிச்சம் விழுகிறது, வலப்பக்கம் உள்ளவற்றின் மேல் 20. ஒவ்வொரு செல்லும் தன் இரு பக்கத்து அண்டைகளின் அளவில் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சப் பகுதியின் நடுவில் இருக்கும் செல்லுக்கு 100இல் பத்தும் பத்தும் போய் 80 மிஞ்சும். எல்லையை ஒட்டிய வெளிச்சச் செல்லுக்கு ஒரு பக்கம் 10, இருட்டுப் பக்கம் 2 மட்டுமே போகும், மிச்சம் 88. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருட்டுச் செல்லுக்கு 20இல் இரண்டும் பத்தும் போய் 8தான் மிஞ்சுகிறது. அதற்கும் அப்பால், இருட்டின் நடுவில், 16. ஆக, உள்ளே வந்தது 100, 100, 20, 20. வெளியே போவது 80, 88, 8, 16. எல்லையின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் கூடுதல் இருட்டாகவும் ஆகிவிட்டது. உலகில் இல்லாத ஒரு கரையைக் கண் கட்டிவிட்டது.

இந்தக் கரைகளை எர்ன்ஸ்ட் மாக் 1865இலேயே விவரித்துவிட்டார். ஒரு பொருளின் வேகம் ஒலியின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் மாக் எண்ணுக்குப் பெயர் கொடுத்தவரும் இவரே.

நிறத்திலும் இதே பேரம் நடக்கிறது. நீலத்தால் சூழப்பட்ட இடத்தில் நீலச் செய்தி அமுக்கப்படுகிறது. அதற்கு எதிர்நிறமான மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம் கை ஓங்குகிறது. கோப்லான் நெசவாளரின் கறுப்பு நீல மடிப்புக்குள் போனதும் பழுப்பேறித் தெரிந்தது அதனால்தான். விழித்திரையோடு கதை முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995இல் எட்வர்ட் ஏடல்சன் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நிழலுக்குள் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும் நிழலுக்கு வெளியே இருக்கும் ‘கறுப்பு’க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். நிழலில் இருந்துகொண்டே இவ்வளவு வெளிச்சம் தருகிறதென்றால் இது வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று மூளை தள்ளுபடி போட்டுக் கணக்கு முடித்துவிடுகிறது.

இப்போது கோட்டுக்கு வருவோம். கண்ணாடி முன் நின்று உங்கள் கன்னத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஏதும் ஓடவில்லை. ஒரு நிறம் முடிந்து பின்னாலிருக்கும் சுவரின் நிறம் தொடங்குகிறது, அவ்வளவுதான். இருந்தும் ஐந்து வயதுக் குழந்தை முகம் வரையச் சொன்னால் முதலில் ஒரு வட்டக் கோட்டைத்தான் இழுக்கும். 1950களின் இறுதியில் ஹூபெல், வீசல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பூனையின் மூளைச் செல்களுக்குக் கண்ணாடித் தகடுகளில் இருந்த புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கணக்கில் காட்டியும் ஒரு செல் மசியவில்லை. தகட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் நகர்ந்ததும் அது படபடவென்று பொரிந்து தள்ளியது. புள்ளி அதற்குப் பொருட்டே இல்லை. ஒரு குறிப்பிட்ட சாய்வில் வரும் விளிம்புதான் அதற்கு வேண்டியிருந்தது. 1981இல் அவர்களுக்கும் நோபல் கிடைத்தது. விளிம்புகளுக்கென்றே ஆட்களை வைத்திருக்கும் மூளைக்கு, கோட்டோவியம் என்பது சுருக்கெழுத்து மாதிரி. இரண்டு வட்டங்களும் நடுவில் ஒரு வளைவும் போட்டால் காந்தியின் மூக்குக்கண்ணாடி வந்துவிடுகிறது. தோலின் நிறம், மீசை, கதராடை எதுவும் தேவைப்படவில்லை.

பட்டியலில் இருப்பவற்றில் எதற்கு அதிக மரியாதை தருவாய் என்று என்னைக் கேட்டால் ஒளி-நிழலுக்குத்தான் தருவேன். நிறம் கைதட்டல் வாங்கும். பாரம் சுமப்பது இதுதான். குளோட் மோனே 1872இல் வரைந்த துறைமுகச் சூரியோதயத்தில், சாம்பல் நீல மூட்டத்துக்கு நடுவே ஆரஞ்சுச் சூரியன் ஒன்று தகதகக்கிறது. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சூரியனும் சுற்றியுள்ள மேகமும் ஒளி அளவில் ஒன்றேதான். ஹார்வர்டின் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். எது எங்கே இருக்கிறது, எது நகர்கிறது என்று பார்க்கும் மூளைப்பகுதிக்கு நிறம் அநேகமாகத் தெரியாது; ஒளியளவின் ஏற்ற இறக்கம் மட்டுமே தெரியும். நிறம் பார்க்கும் பகுதி சூரியன் இருக்கிறது என்கிறது, இடம் பார்க்கும் பகுதி அப்படி ஒன்றும் இல்லை என்கிறது. இந்தத் தகராறுதான் அந்தச் சூரியனை ஓரிடத்தில் நிற்காமல் துடிக்க வைக்கிறது.

நம் வாசலில் நடப்பது இதற்கு நேர் எதிர். விடியற்காலையில் தண்ணீரோ சாணமோ தெளித்த ஈரத்தரையில் அரிசி மாவால் கோலம் போடுகிறார்கள். ஈரத்தில் மாவு ஒட்டும் என்பது ஒரு காரணம். மண் கறுக்கும் என்பது அதே அளவு முக்கியமானது. காய்ந்த மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது; உள்ளே நுழைந்த ஒளி நாலாபுறமும் சிதறிச் சீக்கிரம் வெளியே தப்பிவிடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்ததும் சிதறல் குறைகிறது, ஒளி இன்னும் ஆழமாக உள்ளே போகிறது. திரும்பி வருவதிலும் ஒரு பங்கை மேலே இருக்கும் நீர்ப்படலம் உள்ளேயே திருப்பிவிடுகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் மண் கொஞ்சம் ஒளியை விழுங்குவதால் தரை கறுத்துப்போகிறது. அதன்மேல் விழும் மாவு எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும் வெள்ளை. மாவு கூடாமலேயே கோலம் வெளுக்கிறது. பத்து மணிக்குத் தரை காய்ந்த பிறகு அதே கோலத்தைப் பாருங்கள். யாரும் மிதிக்காவிட்டாலும் பாதி மங்கியிருக்கும்.

வாசலில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். புள்ளி மட்டும் வைத்து, கோடு இழுக்காத நிலையிலேயே கண் வேலையைத் தொடங்கிவிடுகிறது. புள்ளிகள் பக்கவாட்டில் நெருங்கி விழுந்திருந்தால் வரிசையாகவும், மேல்கீழாக நெருங்கியிருந்தால் பத்தியாகவும் படிக்கிறது. நேர்ப்புள்ளி வைத்த தரையில் சதுரங்கள் தெரிகின்றன. ஊடுபுள்ளி வைத்ததில் அறுகோணங்கள். பிறகு சிக்குக் கோலத்தின் கம்பி வருகிறது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கணம் நின்று பாருங்கள். அங்கே நான்கு கிளைகள் சந்திக்கின்றன. இரண்டு வளைவுகள் முதுகை முட்டிக்கொண்டு திரும்பிப்போவதாகவும் அதைப் படிக்கலாம், ஒரு கம்பி இன்னொன்றைக் கடந்துபோவதாகவும் படிக்கலாம். கண் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறது. போகிற திசையிலேயே தொடர்வதில் அதற்கு அவ்வளவு பிடிவாதம். 1923இல் மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் அண்மை, ஒப்புமை, தொடர்ச்சி என்று இந்தப் பிடிவாதங்களுக்குப் பெயரிட்டு வரிசைப்படுத்தினார். நம் பாட்டிமார்கள் பெயர் வைக்காமலேயே இவற்றைக் கையில் வைத்திருந்தார்கள். 1970களில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் கோலத்துக்கு இலக்கணம் எழுதி, ஒரு சிறு அலகு எப்படிப் பெரிய கோலமாக வளர்கிறது என்பதைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தார்கள். தாளம் என்று ஓவிய வகுப்பில் சொல்வது இதைத்தான்.

விகிதத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். 1.618 என்ற ‘பொன் விகிதம்’ எல்லா அழகுக்கும் சாவி என்று சமூக ஊடகங்களில் சுருள் கோடு போட்டுக் காட்டும் படங்களை நான் நம்புவதில்லை. எந்தப் படத்தின் மேலும் சுருளை நகர்த்தி நகர்த்திப் பொருத்திவிடலாம். குஸ்தாவ் ஃபெக்னர் 1876இல் வெளியிட்ட சோதனையில், பத்துச் செவ்வகங்களில் பிடித்ததை எடுக்கச் சொன்னபோது மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் பொன் செவ்வகத்தை எடுத்தார்கள் என்பது உண்மை. பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் முடிவுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயின.

படம் நம் கண்ணைக் கைப்பிடித்து ஒரு பாதையில் அழைத்துப்போகிறது என்பதையும் பாதிதான் ஏற்கலாம். ரஷ்யரான யார்பஸ், நாடுகடத்தலிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை ரெப்பின் வரைந்த ஓவியத்தைக் காட்டி, பார்ப்பவரின் கண் அசைவுகளைப் பதிவுசெய்தார். இவர்களின் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களுக்குப் போனது. குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டால் அறையிலுள்ள பொருட்களையும் துணிமணிகளையும் துழாவியது. ஓவியர் ஒரு வழி போடுகிறார், பார்ப்பவர் தன் சோலியாக வேறு வழியில் போகிறார்.

இத்தனையையும் ஒரே மேசையில் பார்க்கவேண்டுமென்றால் புடவைக் கடைக்குப் போகலாம். மயில்கழுத்து நிறப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். இழைகள் கண் பிரித்தறிய முடியாத அளவு மெல்லியவை என்பதால் இரண்டும் கலந்து மூன்றாவதாகத் தெரிகின்றன. துணி மடங்கும் கோணத்தைப் பொறுத்துக் கலவை மாறுகிறது. ஷெவ்ரலைப் படித்திருந்த பிரெஞ்சு ஓவியர் சூரா, புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து வரைந்தபோது நம்பியிருந்ததும் இதைத்தான். கடையில் பொருந்திய பிளவுஸ் துணி வீட்டில் பொருந்தாமல் போவதற்கு டியூப் லைட் காரணம். சூரிய ஒளியில் எல்லா அலைநீளங்களும் தொடர்ச்சியாக இருக்கின்றன. டியூப் லைட்டில் சில மட்டும் கூர்முனைகளாக எழும்பியிருக்கும். நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்றே வகை. வெவ்வேறு சாயம் ஏற்றிய இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் அந்த மூன்றையும் ஒரே மாதிரி தூண்டிவிட்டு, வேறு வெளிச்சத்தில் பிரிந்துபோகலாம்.

அத்தையோடு போயிருந்தபோது அந்தக் கடையில் தலைநரைத்த விற்பனையாளர் ஒருவர் இருந்தார். அரக்கு பார்டர் வைத்த பச்சைப் பட்டையும் பிளவுஸ் பிட்டையும் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்தார். அது விளக்கின் கோளாறுக்கு மருந்து. பிறகு புடவையின் மேல் பிட்டை விரித்து, பார்டரைத் தம் உள்ளங்கையால் முழுக்க மறைத்துக்கொண்டு, இப்போது பாருங்கள் என்றார். அரக்கு பக்கத்தில் இருந்தால் பச்சை தன் அளவுக்கு மீறிப் பச்சையாகத் தெரியும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க வாய்ப்பில்லை. கை மறைத்த நிலையில் இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்தின. அத்தை கையை எடுக்கச் சொன்னார். பார்டரைக் கழற்றி வைத்துவிட்டா புடவை கட்டப்போகிறேன் என்று கேட்டுவிட்டு, வேறு பிட் எடுக்கச் சொன்னார்.